பெரியவள் ஆடிய பந்து, சின்னவள் ஆடிய பந்து

எங்கள் வீட்டில் இரண்டு பெண்களும் கால்பந்து ஆடி வளர்ந்தவர்கள். பெரியவள் 1996-இல் மதுரையில் பிறந்தாள். சின்னவள் 2007-இல் இங்கே, வட கரோலினாவில். இருவருக்கும் இடையே பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்துக்குள் இந்த ஊரில் பிள்ளைகளின் விளையாட்டு, காலேஜ் சீட்டுக்குக் கட்டும் அட்வான்ஸ் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு காலத்திலும் மைதானத்து ஓரத்தில் நின்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இந்த மாநிலத்தின் கேரி நகரத்துக்கு வந்து இறங்கியது 1999 ஜூன் மாதம். அடுத்த மாதமே பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் தொண்ணூறாயிரம் பேர். சீனாவுக்கு எதிராக பிராண்டி சாஸ்டெய்ன் கடைசி பெனால்டியை அடித்தார். நாமக்கல்லிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியடில் பெண்களுக்குத் த்ரோபாலும் ரிங் டென்னிஸும்தான். ஒன்பதாம் வகுப்பு தாண்டிவிட்டால் அந்தப் பீரியடையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டுவிடுவார். அதனால், ஆட்டம் பார்க்க மட்டும் இத்தனை பேர் காசு கொடுத்து வந்து உட்கார்ந்து பெண்களின் பெயரைச் சொல்லிக் கத்துவது எனக்கு நம்ப முடியாத காட்சியாக இருந்தது. அந்த அணியின் மியா ஹாமும் கிறிஸ்டின் லில்லியும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் உள்ள சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள் என்று மறுநாள் பேப்பரில் படித்தேன். ஆன்சன் டோரன்ஸ் என்ற பயிற்சியாளர் 1979-இல் அங்கே பெண்கள் அணியை ஆரம்பித்து, 2024 வரை இருந்து, என்சிஏஏ என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் பட்டத்தை 21 முறை வாங்கிக் கொடுத்தவர்.

இதற்கெல்லாம் வேர் 1972-இல் வந்த ஒரு சட்டம். ‘டைட்டில் நைன்’ என்பார்கள். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் படிப்பிலோ விளையாட்டிலோ பெண்களை ஒதுக்கக் கூடாது என்றது அது. பெரிய பல்கலைக்கழகங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றுக்கே 85 ஸ்காலர்ஷிப் வைத்திருந்தன, அத்தனையும் ஆண்களுக்கு. அதைச் சமன் செய்யப் பெண்களுக்கு அணிகள் வேண்டியிருந்தன, கால்பந்துக்கு வாசல் திறந்தது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல், 2025 வரை ஆண்கள் கால்பந்து அணிக்கு 9.9 ஸ்காலர்ஷிப்தான் உச்சமாக இருந்தது, பெண்கள் அணிக்கு 14. பிள்ளைகளின் கால்பந்தைக் கல்லூரியோடு சேர்த்துக் கட்டிய கயிறு அங்கேதான் முடிச்சுப் போடப்பட்டது. நல்ல நோக்கத்தில் போட்ட முடிச்சு. இன்றைக்கும் அந்தச் சட்டத்தை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

பெரியவள் 2002-இல் ஆரம்பித்தாள். நகராட்சிப் பூங்காவில் சனிக்கிழமை லீக். ஒரு சீசனுக்கு நூறு டாலருக்குள் முடிந்துவிடும். டீ ஷர்ட்டின் முதுகில் உள்ளூர்ப் பல் டாக்டரின் பெயர் அச்சடித்திருக்கும். கோச் யார் என்றால் அணியில் உள்ள ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா. இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளைகளை வெட்டிக் கொண்டுபோக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. நான் அதில் கொஞ்சம் உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கொண்டுபோன அன்றிலிருந்து பிள்ளைகள் என் முறை எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு சாதாரண டிராவல் அணி. ‘டிராவல்’ என்றால் கிரீன்ஸ்பரோ, வில்மிங்டன். பொங்கல் சாதம் கட்டிக்கொண்டு போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். பிறகு பள்ளி அணி. இந்த மாநிலத்தில் பெண்களின் பள்ளிக் கால்பந்து வசந்த காலத்தில் நடக்கும், பைன் மரத்துப் பூந்தூள் கார்களிலெல்லாம் மஞ்சளாகப் படியும் மாதத்தில்.

பதினோராம் வகுப்பில் அவளே உட்கார்ந்து ஒரு சின்னக் கல்லூரியின் கோச்சுக்கு ஈமெயில் எழுதினாள். அவர் ஒரு பள்ளி ஆட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு, “வா, அணியில் இடம் இருக்கு. ஆடும் பதினொருவரில் வருவாயான்னு இப்ப சொல்ல முடியாது” என்றார். டிவிஷன் 3 கல்லூரி அது. அந்தப் பிரிவில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மார்க்குக்கும் எங்கள் வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் பெஞ்ச், அப்புறம் நடுக்களத்தில் நிலையான இடம். அவள் கல்யாணத்தில் தோழிகளாக நின்றவர்கள் அந்த அணிப் பெண்கள்தான்.

சின்னவள் ஆடத் தொடங்கிய காலத்தில் ஊரே வேறு. 2007-இல் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் பையன்களுக்கென்று டெவலப்மென்ட் அகாடமி ஒன்றை ஆரம்பித்தது. 2009-இல் பெண்கள் கிளப்புகள் சில சேர்ந்து இசிஎன்எல் என்ற தேசிய லீகைத் தொடங்கின. 2017-இல் சம்மேளனம் பெண்களுக்கும் அகாடமி ஆரம்பித்து, அதில் சேர்ந்தவர்கள் பள்ளிக்கு ஆடக் கூடாது என்றது. 2020 ஏப்ரலில் கடையை மூடிவிட்டது. உடனே ஆண்களுக்கு எம்எல்எஸ் நெக்ஸ்ட், பெண்களுக்கு கேர்ள்ஸ் அகாடமி என்று புதுப் பலகைகள். பத்து வயதுப் பிள்ளையின் அம்மா இந்த எழுத்துகளையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய நிலை வந்தது. பள்ளி வாசலில் “உங்க பொண்ணு எந்த லெவல்?” என்று கேட்கிறார்கள். எந்த ஊர் அணி, எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

2019 மே மாதம் இசிஎன்எல் அணிக்கு டிரைஅவுட். முதுகில் நம்பர் ஒட்டி மூன்று சாயங்காலம் ஓடவிட்டார்கள். இரவு ஈமெயில் வந்தது: இடம் உண்டு, 24 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது ஆகவில்லை. “அம்மா, நான் ஆடணும்” என்று சமையலறை வாசலில் நின்று சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தாயும் கட்டுவாள். அந்த ஆசை உண்மையானது. அதைச் சுற்றி எழுப்பியிருக்கும் வியாபாரத்தைப் பற்றித்தான் என் வருத்தம்.

கிளப் கட்டணம் வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் டாலர். பேப்பரில் தெரிவது அது மட்டும்தான். யூனிஃபார்ம் செட் தனி. வெளியூர் ஆட்டத்துக்கு வரும் கோச்சின் விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் குடும்பங்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். ஃபீனிக்ஸ், ஃபுளோரிடா, டெக்ஸஸ் என்று நமக்கும் டிக்கெட். ‘ஸ்டே டு ப்ளே’ என்று ஒரு ஏற்பாடு: போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில், அவர்கள் வழியாக அறை எடுத்தால்தான் அணி ஆடலாம். பக்கத்துத் தெருவில் பாதி விலைக்கு அறை இருக்கும், அந்த ஊரில் நம் அத்தை வீடே இருக்கும், போகக் கூடாது. பிறகு மணிக்கு எழுபது டாலருக்குத் தனிப் பயிற்சி. ஆட்டத்தைப் பதிவு செய்யும் கேமராவுக்குச் சந்தா. கல்லூரிகள் ஆட்டக்காரிகளை அடையாளம் காண நடத்தும் ‘ஐடி கேம்ப்’ ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில்.

அந்த கேம்ப் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019-இலிருந்து உள்ள விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் டிவிஷன் 1 கோச் ஒரு பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. நல்ல விதி. அதற்கு முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இன்ன கல்லூரி என்று வாய்வார்த்தை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கேம்புக்கு அழைப்பு அனுப்பத் தடை இல்லை. “உன் ஆட்டத்தை எங்கள் மைதானத்தில் காண ஆவலாக உள்ளோம்” என்று வரும். பிள்ளை சாப்பாட்டு மேசையில் போனைத் தூக்கிக் காட்டும், கண் மின்னும். அதே கடிதம் அதே நாளில் அணியிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் வந்திருக்கும். முழங்கால் ஆபரேஷன் ஆகி வருஷம் முழுக்க ஆட முடியாமல் இருந்த கோல்கீப்பருக்கும் வந்திருந்தது. பல கல்லூரிகளில் உதவிக் கோச்சுகளின் வருமானத்தில் ஒரு பங்கு இந்த கேம்ப் பணம்தான்.

எல்லாம் சேர்த்து ஹைஸ்கூல் வருஷங்களில் எங்கள் வீட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. எங்கள் மாநிலத்தவர்க்குச் சேப்பல் ஹில்லில் ஒரு வருஷப் படிப்புக் கட்டணம், மற்றக் கட்டணங்களும் சேர்த்து, அப்போது சுமார் 9,000 டாலர். அமெரிக்காவின் மிகச் சிறந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. கல்லூரிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லி, அதன் கட்டணத்தைவிட அதிகமாக வருஷாவருஷம் கிளப்புக்குச் செலவு செய்யும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

ஸ்காலர்ஷிப் கணக்கையும் பார்க்கலாம். ஹைஸ்கூலில் கால்பந்து ஆடும் பெண்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்சிஏஏ கல்லூரி ஏதோ ஒன்றில் ஆடுகிறார்கள். டிவிஷன் 1 என்றால் இரண்டு பேர் அளவில். அந்த 14 ஸ்காலர்ஷிப்பை இருபத்தெட்டு, முப்பது பேருக்கு கோச் துண்டு போட்டுக் கொடுத்துவந்தார். ஒருத்திக்குப் பாதி, ஒருத்திக்குக் கால், ஒருத்திக்குப் புத்தகச் செலவு, சிலருக்கு ஒன்றும் இல்லை. நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் “ஃபுல் ஸ்காலர்ஷிப்பாமே!” என்று கேட்பதெல்லாம் அபூர்வத்திலும் அபூர்வம்.

அப்படியானால் விவரம் தெரிந்த, வசதியான குடும்பங்கள் ஏன் இதில் இவ்வளவு கொட்டுகின்றன? ஸ்காலர்ஷிப்புக்காக அல்ல, வாசலுக்காக. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஒரு காசும் கொடுப்பதில்லை; ஆனால் கோச் கேட்டுக்கொண்ட பிள்ளைக்குக் கதவு எளிதாகத் திறக்கும். 2018-இல் ஹார்வர்டின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, கோச்சுகள் தேர்ந்தெடுத்த விளையாட்டு மாணவர்களில் 86 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது வெளியே வந்தது. மற்றவர்களுக்கு அது நூற்றுக்கு ஆறு அளவில். இந்த வாசலைத்தான் ரிக் சிங்கர் என்பவர் விலைக்கு விற்றார். 2019 மார்ச்சில் அந்த ஊழல் வெடித்தபோது, யேல் பெண்கள் கால்பந்து கோச் ரூடி மெரடித் லஞ்சம் வாங்கிக்கொண்டு, போட்டிகளில் ஆடாத பெண்ணை ஆட்டக்காரி என்று காட்டியது அம்பலமானது. இரண்டு மாதம் கழித்துத்தான் என் மகள் முதுகில் நம்பர் ஒட்டிக்கொண்டு ஓடினாள். அந்த வருஷம் அந்தச் செய்தியைப் பெற்றோர்கள் மைதானத்தில் பேசிக்கொண்ட விதம் எனக்கு மறக்காது. கோபம் குறைவாக இருந்தது. அந்தக் கதவு உண்மையிலேயே இருக்கிறது என்று உறுதிப்பட்டதுபோல் பேசினார்கள்.

ஷோகேஸ் என்று கல்லூரிக் கோச்சுகள் ஆட்களைத் தேடி வரும் போட்டிகள் உண்டு. ஃபீனிக்ஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வரிசையாக மைதானங்கள். ஒரு பக்கக் கோட்டில் பெற்றோர்; எதிர்ப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டுக் கல்லூரிக் கோச்சுகள். அவர்கள் கையில் அச்சடித்த தாள்: நம்பர், பெயர், எந்த வருஷம் பள்ளி முடிப்பாள், மார்க் சராசரி. பெற்றோர் அந்தப் பக்கம் போகக் கூடாது. பிள்ளைகள் வார்ம்அப் செய்துகொண்டே யார் சட்டையில் எந்தக் கல்லூரியின் சின்னம் என்று ஓரக்கண்ணால் படிக்கிறார்கள். சின்னவள் வலது நடுக்களம். சின்ன வயதிலிருந்து அவளுடைய அழகே முதல் தொடுதலில் பந்தைத் தள்ளிவிட்டு ஓடுவதுதான். பந்து அவள் காலில் தங்கவே தங்காது. அன்றைக்கு இருபதாவது நிமிஷம் போல, அவள் எழுதிப்போட்டிருந்த கல்லூரியின் கோச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த பந்து வந்தது. இடது பக்கம் அவள் தோழி தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இவள் கொடுக்கவில்லை. நிறுத்தினாள், ஒருத்தியைத் தாண்டினாள், இரண்டாமவளிடம் பந்தைப் பறிகொடுத்தாள்.

இரவு ஹோட்டலில் ஹாட் பாக்ஸிலிருந்து புளியோதரையை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டேன், “ஏன்டி, அவ தனியாத்தானே நின்னா?”

“பாஸ் குடுத்தா அவங்க பால் போற பக்கம்தான் பாப்பாங்கம்மா. என்னைப் பாக்க மாட்டாங்க.”

அவள் சொன்னது சரி. அதுதான் என்னை உலுக்கியது. சேர்ந்து ஆடுவதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த ஆட்டத்துக்கே அனுப்புகிறோம். பதினைந்து வயதுப் பெண் நியாயமாக யோசித்து, தோழிக்குப் பந்தைக் கொடுக்காமல் இருப்பதே தனக்கு லாபம் என்று கண்டுபிடிக்கும்படி ஒரு ஏற்பாட்டைப் பெரியவர்கள் சேர்ந்து செய்திருக்கிறோம்.

அந்த இடது பக்கத் தோழியின் கதை வேறு. அவள் அம்மா குவாத்தமாலாவிலிருந்து வந்தவர், இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. கிளப் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அதற்காக கிளப்பை மதிக்கிறேன். ஆனால் தள்ளுபடி கட்டணத்துக்கு மட்டும்தான். ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் யார் கொடுப்பது? எங்கள் வேனில் வருவாள், எங்கள் அறையில் படுப்பாள். பருப்பு சாதத்துக்கு ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். பத்தாம் வகுப்பில் அணியிலிருந்து நின்றுவிட்டாள். அவள் அம்மா என்னிடம் சொன்ன காரணம், “எத்தனை நாளைக்கு உங்களிடமே வாங்குவது?” அணியிலேயே கால் திறமை மிகுந்த பெண் அவள். அதை எங்கள் கோச்சே சொல்வார்.

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சைலர் சிட்டி இருக்கிறது. கோழி இறைச்சித் தொழிற்சாலைகளை நம்பி வந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் ஊர். அந்த ஊரின் ஜோர்டன்-மேத்யூஸ் பள்ளிப் பையன்கள் 2004-இல் மாநிலப் பட்டம் வென்றார்கள். அவர்களுடைய கோச்சும் பத்திரிகையாளருமான பால் குவாட்ரோஸ் அதைப் புத்தகமாகவே எழுதினார். பள்ளி மைதானமும் பள்ளி பஸ்ஸும் இருந்ததால் நடந்தது அது. இன்று கல்லூரிக் கோச்சுகள் பள்ளி ஆட்டத்துக்கு வருவது குறைவு. ஒரே இடத்தில் நூறு அணிகளைப் பார்க்க ஷோகேஸ் இருக்கும்போது ஏன் வர வேண்டும்? பணம் கட்டக்கூடியவர்களை மட்டும் வடிகட்டிக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் அவர்கள் திறமையைத் தேடுகிறார்கள். பையன்களுக்காவது எம்எல்எஸ் என்ற தொழில்முறை லீக் அணிகளின் அகாடமி பெரும்பாலும் இலவசம். பெண்களுக்கு அதற்கு ஈடாகப் பரவலாக எதுவும் இல்லை. ஐரோப்பாவில் சின்ன கிளப் வளர்த்த பையன் பெரிய கிளப்புக்குப் போனால், வளர்த்தவர்களுக்கு ஃபிஃபா விதிப்படி பங்கு போகும். இங்கே வளர்த்த செலவெல்லாம் குடும்பத்தின் தலையில்.

சின்னவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் ஒரு டிவிஷன் 1 கோச் இடம் சொன்னார். பணம் இல்லை, ரோஸ்டரில் இடம் மட்டும். அவளுக்கு அதுவே உலகம். 2025 தொடக்கத்தில் அவர் போன் செய்தார். என்சிஏஏவுக்கும் பெரிய கல்லூரி லீகுகளுக்கும் எதிராக விளையாட்டு வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கில் சமரசம் வந்துகொண்டிருந்த நேரம். பல வருஷமாக விளையாட்டு வீரர்களை வைத்துச் சம்பாதித்த கல்லூரிகள் இனி அவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்ற நியாயமான வழக்கு. ஆனால் அதோடு சேர்ந்து, ஸ்காலர்ஷிப் உச்சவரம்பை எடுத்துவிட்டு அணிக்கு 28 பேர்தான் என்று ஆள் எண்ணிக்கையில் வரம்பு வைத்தார்கள். முப்பதுக்கு மேல் வைத்திருந்த அணிகள் ஆட்களைக் கழிக்க வேண்டி வந்தது. வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவரும் அனுபவசாலிகளும் வெளிநாட்டு ஆட்டக்காரிகளும் இருக்க, பள்ளியிலிருந்து வருகிற, பணம் வாங்காத பெண்தான் முதலில் கழிக்கப்பட்டாள். கல்லூரி விளையாட்டு விதிகளில் வாய்வார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது. அந்த கோச் மரியாதையாகத்தான் பேசினார். ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்தை ஏற்றார். இப்படிக் கழிக்கப்பட்டவர்களை வரம்பில் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று வழியும் வைக்கச் செய்தார். எடுத்துக்கொள்வதும் விடுவதும் கல்லூரியின் விருப்பம். அதற்குள் அவள் வேறு முடிவு எடுத்துவிட்டிருந்தாள்.

இப்போது அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் படிக்கிறாள். மாணவர்களே நடத்தும் கிளப் அணியில் ஆடுகிறாள். அதற்கு ஒரு செமஸ்டருக்குக் கட்டுவது எங்கள் பழைய ஹோட்டல் அறை ஓர் இரவு வாடகைக்குப் பக்கம். அவளைப் பார்த்தால் நொந்துபோனவளாகத் தெரியவில்லை. அதிகாலை நாலரைக்கு அலாரம் இல்லாமல் எழுவாள், தோற்ற அன்றும் சாப்பிட்டுவிட்டுப் பாடம் படிப்பாள், முகம் தெரியாத ஊரில் போய் இறங்கி இரண்டு நாளில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வாள். இதெல்லாம் அந்த மைதானங்கள் கொடுத்தது, சந்தேகமே இல்லை. ஆனால் பெரியவளுக்கும் இதே குணங்கள் நூறு டாலர் லீகிலும் பள்ளி அணியிலும் வந்தன. குணத்துக்காக இவ்வளவு கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட வரும் இளம் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: “அக்கா, இசிஎன்எல் கிடைச்சிருக்கு, கட்டலாமா?” நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கல்லூரியிலிருந்து ஒரு பைசா வராது, ஒரு கோச்சும் கூப்பிட மாட்டார் என்று இன்றே தெரிந்தால், இந்தப் பணத்தைக் கட்டுவீர்களா? கட்டுவோம், அவளுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்றால், கட்டுங்கள். யோசிக்க வேண்டும் என்றால், அந்தப் பணத்தைக் கல்லூரிச் சேமிப்பில் போடுங்கள். ஊர் லீகிலும் பள்ளியிலும் அவள் ஆடட்டும்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் அணியில் இருந்த சில குடும்பங்கள் சேர்ந்து கிளப்புக்கு இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்தோம். டிரைஅவுட்டுக்கு முன்பே ஒரு வருஷத்து முழுச் செலவை, ஹோட்டல், விமானம் உட்பட, வெளியிட வேண்டும். கட்டண உதவி வாங்கும் பிள்ளைகளுக்குப் பயணச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலாவதை ஒப்புக்கொண்டு இந்த வருஷத்திலிருந்து போடப்போகிறார்கள். இரண்டாவதற்குப் பணம் இல்லை என்றார்கள். ஷோகேஸ் பயணத்தில் ஒன்றைக் குறைத்தால் நான்கு பிள்ளைகளுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த போர்டு மீட்டிங்கில் அதை எடுக்கிறார்கள். அந்த குவாத்தமாலா அம்மாவும் எங்களோடு வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கடைசி மகளுக்கு இப்போது பத்து வயது.